பீர்க்கு பூக்கும் நேரம்

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆடிப்பெருக்கு அன்று மாடியில் நாலு பீர்க்கன் விதை ஊன்றினேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி பெரியது இல்லை. பாதி இடத்தைத் தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போடும் கொடியும் எடுத்துக்கொள்ளும், மீதியில் அப்போது பன்னிரண்டு பைகள் வைத்திருந்தேன். செம்மண், ஊறவைத்து அலசிய தேங்காய் நார்க்கழிவு, மக்கிய சாணம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு என்று எல்லாரும் சொல்லும் அதே கலவைதான். ஆடிக்காற்றில் பந்தல் இரண்டு தடவை சாய்ந்தது. கயிறு மாற்றிக் கட்டினேன், கொடி ஏறிவிட்டது.

நாற்பது நாள் போல ஆனதும் ஆண் பூக்கள் கொத்துக்கொத்தாக வந்தன. முதலில் ஆண் பூதான் வரும் என்று தெரியும், அதனால் பதறவில்லை. அடுத்த வாரம் பெண் பூவும் வந்தது. பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம், பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வரி வரியாக ஒரு குட்டிப் பீர்க்கங்காய் அப்போதே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குட்டிக் காய் மூன்று நாளில் மஞ்சளாகும், சுருங்கும், தொட்டால் கையோடு வந்துவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது என்று உதிர்ந்துகொண்டே இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பஞ்சகவ்யா தெளித்தேன். மீன் அமிலம் ஊற்றினேன். மோரும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு வாரம் புளிக்கவைத்துத் தேமோர் கரைசல் தயாரித்துத் தெளித்தேன். வாட்ஸப் குழுவில் 3ஜி கட்டிங் செய்யச் சொன்னார்கள், நுனியைக் கிள்ளி, பக்கக் கிளை வந்ததும் அதன் நுனியையும் கிள்ளினேன். மண்ணில் சத்துக் குறைவோ என்று மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போட்டேன். இத்தனையும் மூன்று வாரத்துக்குள். காலை ஆறரைக்கு மேலே போவேன், தண்ணீர் ஊற்றுவேன், கரைசல் தெளிப்பேன், ஏழு மணிக்கு இறங்கிவிடுவேன். எட்டரைக்கு அலுவலகம் கிளம்ப வேண்டும். காலையில் நான் பார்க்கும்போது பீர்க்கம்பூ எப்போதும் துவண்டுதான் கிடக்கும். வெயிலே இன்னும் ஏறாத நேரத்தில் ஏன் இப்படித் துவண்டிருக்கிறது என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

தெருவில் கீரை கொண்டுவரும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை அரைக்கீரை வாங்கும்போது பேச்சுவாக்கில் சொன்னேன், பீர்க்கு பூவாகப் பூக்குது, ஒன்றுகூடக் காய் பிடிக்கலை, தேனீயே வரமாட்டேங்குது என்று. அவர் கீரைக்கட்டை உதறிக்கொண்டே, "அது பொழுது சாயப் பூக்கிற பூவாச்சே பாப்பா, காலையில போய்ப் பார்த்தா என்ன தெரியும்?" என்றார். அவ்வளவுதான், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கே மேலே போய் உட்கார்ந்துவிட்டேன். தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டுக்கொண்டு ஒரே ஒரு மொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் மொட்டின் நுனி தளர்ந்தது. கசக்கி உருட்டி வைத்த மஞ்சள் பட்டுத்துணி மாதிரி இதழ் உள்ளே சுருண்டிருந்தது, ஒரு ஓரம் வெளியே வந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஓரம். இதழில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கங்கள், அவை மெதுவாக நிமிர்ந்தன. ஆறே காலுக்குள் பந்தலில் பதினாலு பூ முழுசாக விரிந்திருந்தது. லேசாக ஒரு வாசனை, கிட்டத்தில் மூக்கை வைத்தால்தான் தெரியும். வெளிச்சம் குறையக் குறைய அந்த மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பள்ளியில் தமிழ் ஐயா, சங்கப் பாட்டுகளில் பிரிவில் வாடுகிறவளின் உடம்பில் படரும் வெளிறிய நிறமான பசலைக்குப் பீர்க்கம்பூவின் நிறத்தைச் சொல்வார்கள் என்று நடத்தியது இருபது வருஷம் கழித்து அந்த முக்காலியில்தான் எனக்குப் புரிந்தது. அந்த நிறத்தை மனசில் வைத்துப் பாடியவர்கள் அதை அந்தியில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பாகலும் பூசணியும் காலையில் விரியும், அவற்றுக்குத் தேனீ போதும். பீர்க்கும் சுரையும் பொழுது சாய்ந்து விரிகிறவை, இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை நம்பிப் பூக்கிறவை. விடியும்போது அவற்றின் வேலை முடிந்துவிடும். நான் மூன்று வாரமாக முடிந்துபோன பூவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுத் தொட்டு வைத்தேன். ஐந்து பெண் பூவுக்குச் செய்தேன், மூன்று நின்றது. காம்பு பச்சையாகவே இருந்து காய் கீழே வளைந்து நீள ஆரம்பித்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பத்து நாளில் முதல் காயைப் பறித்துத் தோலில் துவையலும், உள்ளே இருந்ததைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டும் செய்தோம்.

இன்னொன்றும் செய்தேன். மாடியில் படிக்கட்டுக்கு மேலே ஒரு வெள்ளை எல்இடி விளக்கு இரவு முழுக்க எரியும். அந்துப்பூச்சிகள் பூவை விட்டுவிட்டு அதையே சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அணைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் இருட்டில் நிற்கும்போது காதுக்குப் பக்கத்தில் மின்விசிறி ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். சாம்பல் நிறத்தில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று, பூவின் மேல் உட்காராமல் அந்தரத்திலேயே நின்று உறிஞ்சுகுழலை நீட்டிக் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போனது. அந்த வாரம் நான் கை வைக்காத பூவிலும் காய் பிடித்தது.

அதிலிருந்து சாயங்காலம் மேலே போவது வழக்கமாகிவிட்டது. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை எனக்கு. மார்ச் மாதம் என்றால் வீட்டுக்கு வந்தும் தலைக்குள் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், சாப்பிடும்போதும் போனைத் தள்ளிக்கொண்டிருப்பேன், பாதித் தூக்கத்தில் எழுந்து மின்னஞ்சல் பார்ப்பேன். இப்போது வந்ததும் கைகால் கழுவி, போனைக் கீழேயே வைத்துவிட்டு மேலே போகிறேன். பதினைந்து நிமிஷம் உட்காருவது கட்டாயம். இந்தப் பதினைந்து நிமிஷக் கணக்கு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 2015-லிருந்து பொங்கல் விடுமுறையில் அதை நடத்துகிறார்கள், குறைந்தது பதினைந்து நிமிஷம் பறவைகளைக் கவனித்து எதெது எத்தனை என்று எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும். முதல் தடவை எங்கள் மாடியில் நின்று எண்ணியபோது காக்காயும் புறாவும்தான் வரும் என்று நினைத்தேன். கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு, மைனா, கரிச்சான், பச்சைக்கிளி, தொட்டிக்குழாயில் சொட்டும் தண்ணீரைக் குடிக்க வந்த தவிட்டுக்குருவிக் கூட்டம் என்று பன்னிரண்டு வகை ஆகிவிட்டது. அத்தனையும் எப்போதும் அங்கேதான் இருந்திருக்கின்றன. முதல் ஐந்து நிமிஷம் மனசு அலைந்துகொண்டுதான் இருக்கும், அது எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆறாவது ஏழாவது நிமிஷத்தில் ஏதாவது ஒன்று அசையும், கண் அதன் பின்னால் போய்விடும், அப்புறம் கீழேயிருந்து அம்மா கூப்பிட்டால்தான் நேரமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கத்தரிச் செடிப் பக்கம் உட்காருவேன். கத்தரிப்பூவின் நடுவில் மஞ்சளாக இருக்கும் மகரந்தப்பைகள் மற்ற பூக்களில் மாதிரிப் பிளந்து கொட்டாது, நுனியில் சின்ன ஓட்டைதான், உப்பு டப்பா மாதிரி. குலுக்கினால்தான் தூள் வெளியே வரும். நீலப்பட்டைத் தேனீ என்று ஒன்று உண்டு, வயிற்றில் கறுப்பும் வெளிர் நீலமுமாகப் பட்டை பட்டையாக இருக்கும், ஒரு இடத்தில் நிற்காமல் சரேல் சரேலென்று பறக்கும். அது வந்து பூவைக் கட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உடம்பை அதிரவிடும். பறக்கும்போது ஒரு ரீங்காரம், பூவில் தொங்கும்போது அதைவிட உச்சத்தில் வேறொரு ரீங்காரம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலே பூவில் உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஒரு விநாடிகூட ஆகாது, அதன் வயிற்றில் மாவு கொட்டிய மாதிரித் தூள் படிந்திருக்கும். சாதாரணத் தேனீயால் இப்படி அதிர்வித்து எடுக்க முடியாது. பெரிய கருவண்டும் இதைச் செய்யும், அது வந்தால் செடியே ஆடும். தேன்கூடு இருந்தால்தான் காய் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய விஷயமாக இருந்தது.

அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் செய்தது தப்பு. மார்கழியில் அவரைக் கொடியின் தளிரில் கறுப்பு அசுவினி மொய்க்கும். முதல் வருஷம் பார்த்த அன்றைக்கே வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடித்தேன். அப்போது இலையில் முதலைக்குட்டி மாதிரி நீளமாக, முள் முள்ளாக, கறுப்பில் வெளிர்ப்புள்ளி போட்ட புழுக்கள் சில ஊர்ந்துகொண்டிருந்தன. பார்க்கவே அருவருப்பாக இருந்தது, இதுதான் பெரிய எதிரி போல என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி நசுக்கினேன். அடுத்த வருஷம்தான் தெரிந்தது அது பொறிவண்டின் புழு என்று. நாம் அழகாக இருக்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறோமே, அந்தப் பொறிவண்டுதான். அசுவினியைத் தின்பதற்கென்றே வந்தவற்றைத் தேடித் தேடிக் கொன்றிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதனால் இரண்டாவது வருஷம் ஒன்றும் அடிப்பதில்லை என்று முடிவு செய்து, பழைய டைரி ஒன்றை எடுத்துத் தினமும் எழுதினேன். முதலில் வந்தது எறும்பு. அசுவினி சாறு உறிஞ்சிவிட்டுப் பின்பக்கமாக இனிப்பான ஒரு துளியை விடும், அதற்காக எறும்பு அதை மாடு மேய்ப்பது போலக் காவல் காக்கிறது, மீசையால் தட்டித் தட்டித் துளியை வாங்கிக் குடிக்கிறது. பொறிவண்டு வந்தால் துரத்திவிடுகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடி ஏறும் கயிற்றில் விளக்கெண்ணெய் தடவி எறும்பின் வழியை மட்டும் அடைத்தேன். நாலாம் நாள் இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள், அரிசியைக் குத்திட்டு நிறுத்தி வைத்த மாதிரி ஒரு கொத்து. மூன்று நாளில் பொரிந்தன. அதற்குள் அசுவினி பெருகிக்கொண்டே போனது, அது முட்டைகூட இடாமல் நேராகக் குட்டி போடும், ஆணே தேவையில்லை, ஒவ்வொரு நாளும் கொடியைப் பார்க்கும்போது கை வேப்பெண்ணெய் பாட்டிலுக்குப் போகும். அம்மா, "இப்படியே விட்டா ஒரு அவரைக்காய் மிஞ்சாதுடி" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அந்தப் புழுக்கள் நன்றாக வளர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு தளிரில் உட்கார்ந்து மேய ஆரம்பித்தன. ஒரு புழு ஒரு அசுவினியைப் பிடித்துச் சாற்றை உறிஞ்சித் தோலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று வாரம் முடியும்போது தளிர்களில் வெறும் வெள்ளைத் தோல்தான் இருந்தது. இரண்டு கொடிநுனி சுருண்டது சுருண்டதுதான், அது தேறவில்லை. மற்றவை தழைத்து, தை முழுக்கக் காய்த்தன.

இதற்குப் பிறகு எதற்கும் ஒரு வாரம் பொறுப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அது சரிவராது. மாவுப்பூச்சி செம்பருத்தியில் ஏறினால் அன்றைக்கே வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவேன், பொறுத்துப் பார்த்து ஒரு செடியே போனது. கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டு, பிறகு பச்சையாகிவிடும் புழுவை விட்டுவிடுகிறேன். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும், அதுதான் பிறகு பெரிய வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரும். கறிவேப்பிலை கடையில் கொசுறாகவே கிடைக்கிறது.

மண்ணை மூடிவைக்கும் மூடாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் மாடித்தளத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் மூடாக்கு மூடாக்கு என்று சொன்னதன் அருமை மாடியில்தான் தெரியும். காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கழித்த கொடி எல்லாவற்றையும் மண்ணின் மேலேயே போட்டுவிடுகிறேன். விரலை விட்டுப் பார்த்தால் சாயங்காலமும் அடியில் ஈரம் இருக்கிறது.

இப்போது துளசிக்கு வருகிறேன். துளசியில் கதிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் செடி தழையும் என்பார்கள். நானும் கிள்ளிக்கொண்டுதான் இருந்தேன். போன வருஷம் ஒரு செடி முற்றிக் காய்ந்துபோனது. பிடுங்க வேண்டும் என்று நினைத்து வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன். இந்த வருஷம் ஆவணி மாதம் ஒரு சாயங்காலம், பீர்க்கு விரிய ஆரம்பித்திருந்த நேரம், அந்தக் காய்ந்த கதிரில் ஏதோ மணி மணியாகத் தெரிந்தது. விதை என்று நினைத்துக் கிட்டே போனேன். நீலப்பட்டைத் தேனீக்கள். ஏழு. ஒவ்வொன்றும் அந்தக் குச்சியை வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு, கால்களை உடம்போடு மடக்கிக்கொண்டு, அப்படியே தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தன. காலையில் ஒரு விநாடி நிற்காத அந்தத் தேனீ என் மூச்சு படும் தூரத்தில் அசையாமல் இருந்தது. எட்டாவதாக ஒன்று வந்து, ஏற்கனவே இருந்ததை இடித்துத் தள்ளி, அது முனகி நகர்ந்து, இரண்டும் சரிசெய்துகொண்டு அடங்கின.

இவை ஆண் தேனீக்கள். இந்த வகையில் ராணியும் இல்லை, கூடும் இல்லை, ஒவ்வொரு பெண்ணும் மண்ணிலோ மண்சுவரிலோ தனியாகத் துளை போட்டு முட்டையிடும். ஆணுக்கு வீடு கிடையாது. அதனால் இருட்டும்போது ஒரே குச்சியில் கூடி வாயால் கவ்வித் தூங்குகின்றன, மறுநாள் வெயில் மேலே பட்டதும் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு கிளம்பிப் போகின்றன, மறுபடி சாயங்காலம் அதே குச்சிக்கு வருகின்றன. சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்து இத்தனை வருஷமாக நான் காய்ந்த தண்டுகளை எல்லாம் வெட்டி எறிந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "காஞ்ச துளசியை வீட்ல வச்சுக்கக் கூடாது, உனக்குத் தெரியாதா?" என்றார். அவர் காலையும் மாலையும் துளசிக்கு விளக்கு வைக்கிறவர், அவருக்கு அது மனசை உறுத்தும் விஷயம், வாதாடக்கூடாது. இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் ஆறு மணிக்கு, முழங்கால் வலியோடு அவரைக் கைபிடித்து மெதுவாகப் படியேற்றிக் கூட்டிப்போய் முக்காலியில் உட்காரவைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தேனீக்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று குச்சியைத் தவறவிட்டு, சுற்றி வந்து, மறுபடி கவ்வியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். இருட்டிய பிறகு, "குச்சியைப் பிடுங்காதே, பக்கத்துல வேற துளசி வச்சு அதுக்கு விளக்கு வச்சுக்கறேன்" என்றார்.

அதிலிருந்து எண்ணிக்கை அவர் பொறுப்பு. நான் வீட்டுக்குள் நுழையும்போதே "இன்னிக்கு ஒம்போதுடி" என்பார். புரட்டாசியில் ஒரு நாள் பதினொன்று வந்ததுதான் அதிகம், அதை என் டைரியில் அவரே தேதி போட்டு எழுதியிருக்கிறார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் குறைந்துகொண்டே வந்தன, ஐந்து, மூன்று, ஒன்று. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து குச்சி காலியாக இருக்கிறது. பீர்க்கு மட்டும் மழையிலும் நேரம் தவறாமல் விரிகிறது. நேற்று நான் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை, மேலே போய்ப் பார்த்தால் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காய்ந்த துளசிப் பக்கம் குனிந்து நிற்கிறார்.